ஈறுநோய் நுண்ணுயிரிகளும் மூளை அழற்சியும்

நாட்பட்ட ஈறுநோயை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மூளையில் அழற்சியைக் கிளறிவிட்டு அல்சைமர் நோய்க்கு வழிகோலலாம் என்பது இன்றும் விவாதத்தில் உள்ள ஒரு கருதுகோள். அதன் மையத்தில் இருப்பது பார்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்னும் பாக்டீரியா. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளத்தில், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் இது குடியிருக்கும். ஈறில் கசியும் இரத்தத்திலிருந்து இரும்புச்சத்தைப் பறித்துக்கொள்ளும். இரத்தம் சேர்த்த ஊடகத்தில் வளர்த்தால் கரிய திட்டுகளாகப் படர்வதும் அதனால்தான்.

வாயில் நுண்ணுயிர்கள் வாழ்வதை 1683-இல் பதிவு செய்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹூக். தம் பல்லிடுக்கில் சுரண்டிய வெண்மாவில் துள்ளித் திரியும் உயிர்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வாய்க்கிருமிகள் பிற உறுப்புகளையும் தாக்கக்கூடும் என்று பல்மருத்துவர் வில்லோபி மில்லர் 1891-இல் வாதிட்டார். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்ட்டர் 1910-இல் மான்ட்ரியாலில் ஆற்றிய உரைக்குப் பிறகு அந்த எண்ணம் வேகமாகப் பரவியது.

அதற்குப் பலியானவர்கள் மனநோயாளிகள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் டிரென்டன் மனநல மருத்துவமனையின் தலைவராக 1907-இல் பொறுப்பேற்ற ஹென்றி காட்டன், பித்து என்பது மறைந்திருக்கும் சீழின் விளைவு என்று நம்பினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார்; குணமாகாதபோது டான்சில், பெருங்குடல் என்று வெட்டிக்கொண்டே போனார். பெரும்பாலோர் குணமடைந்ததாக அறிவித்தார். 1920-களில் அங்கு ஆய்வு செய்த மருத்துவர் ஃபில்லிஸ் கிரீனேக்கர் கண்டது நேர்மாறானது: குடல் அறுவையில் பலர் இறந்திருந்தனர். அவரது அறிக்கை வெளிவராமல் முடக்கப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இது மன்னிக்க முடியாத அத்தியாயம். வாய்க்கும் மூளைக்கும் முடிச்சுப் போடுவதையே மருத்துவர்கள் நெடுங்காலம் தவிர்த்ததற்கு இத்தகைய கொடுமைகளும் ஒரு காரணம்.

1989-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் மோசமான பல்நலத்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு கண்டதும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 2013-இல் இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகத்தினர், இறந்த 10 அல்சைமர் நோயாளிகளின் மூளைத்திசுவைச் சோதித்து, 4 பேரிடம் இப்பாக்டீரியாவின் மேலுறைக் கொழுப்புச்சர்க்கரையைக் கண்டனர்.

2019 ஜனவரியில் கார்டெக்சைம் நிறுவனம் சார்ந்த ஆய்வுக் குழு இன்னும் ஒரு படி சென்றது. இந்தப் பாக்டீரியா சுரக்கும், புரதங்களை வெட்டும் ஜின்ஜிபெயின் நொதிகளை நோயாளிகளின் மூளையில் கண்டதாக அறிவித்தது. எலிகளின் வாயில் ஆறு வாரம் கிருமியை ஏற்றியபோது அது மூளையை எட்டியதாகவும், அல்சைமர் மூளையில் படியும் புரதமான அமிலாய்டு பீட்டா பெருகியதாகவும் தெரிவித்தது. அமிலாய்டுக்கே கிருமிகளை அழிக்கும் திறன் உண்டென்று முன்பே காட்டப்பட்டிருந்ததால், அது மூளையின் தற்காப்பாக இருக்கலாம் என்ற விளக்கத்துக்கு வலுக்கூடியது.

ஆனால் கிருமி மூளைக்குள் நுழைந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஈறுகளில் நாட்பட்டு நீடிக்கும் அழற்சியால் இரத்தத்தில் இன்டர்லூக்கின் போன்ற, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் பெருகுகின்றன. இவையும் கிருமியின் உறைத்துண்டுகளும் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவை உசுப்பிவிடலாம். ஓயாமல் உசுப்பப்படும் இச்செல்கள் நரம்புச்செல்களையே சிதைக்கத் தொடங்குகின்றன. இவ்வழியே கூடுதல் நம்பகமானதாகத் தோன்றுகிறது.

ஜின்ஜிபெயினை முடக்கும் அட்டுசாஜின்ஸ்டாட் என்ற கார்டெக்சைமின் மருந்தை 643 அல்சைமர் நோயாளிகளிடம் 48 வாரம் சோதித்த முடிவு 2021 அக்டோபரில் வந்தது. நினைவாற்றல், அன்றாடச் செயல்திறன் ஆகிய இரு முதன்மை அளவுகோல்களிலும் மருந்து தோற்றது. சிலருக்குக் கல்லீரல் நொதிகளும் உயர்ந்தன. எச்சிலில் கிருமியின் டிஎன்ஏ இருந்தவர்களிடம் மட்டும் நினைவுச் சரிவு மெதுவானதாக நிறுவனம் கூறியது. உட்குழுவில் தெரியும் பலனை மட்டும் வைத்து ஒரு மருந்தை ஏற்க முடியாது.

மறதி முற்றியவர் பல் துலக்கவும் மறப்பார் என்பதால், ஈறுநோய் காரணமா விளைவா என்ற ஐயம் எல்லா ஆய்வுகளையும் தொடர்கிறது. அல்சைமரின் மூளை மாற்றங்கள் அறிகுறிக்கு 15, 20 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆகவே நடுவயதிலேயே ஈறுகளைப் பரிசோதித்து, அதே மனிதர்களை முதுமைவரை தொடரும் ஆய்வுகளால்தான் எது முந்தியது என்பதைப் பிரித்தறிய முடியும்.