மின் நீர்ச்சூடேற்றி

மின் நீர்ச்சூடேற்றி என்பது மின்னாற்றலைக் கொண்டு குளிப்பதற்கும் பிற வீட்டுத் தேவைகளுக்கும் நீரைச் சூடாக்கும் சாதனம் ஆகும். பேச்சு வழக்கில் இது கீசர், ஹீட்டர் என்று அழைக்கப்படுகிறது. பிரித்தானிய வீடுகளில் வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து, எக்கியால் அழுத்தம் கூட்டித் தூவும் பவர் ஷவர் பரவலாகக் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் அவ்வேலையை மொட்டைமாடித் தொட்டியும் கீசரும் பகிர்ந்துகொள்கின்றன; சில வீடுகளில் தனியாக அழுத்த எக்கியும் பொருத்தப்படுகிறது. நிலத்தடி நீரில் உப்பு மிகுந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை போன்ற ஊர்களில் இச்சாதனம் விரைவில் பழுதடைகிறது.

அமைப்பு

சேமிப்பு வகை நீர்ச்சூடேற்றியில் வெப்பக் காப்பிடப்பட்ட தொட்டி ஒன்றும், அதனுள் சூடேற்றியும் இருக்கும். சூடேற்றி என்பது நிக்கல், குரோமியக் கலப்புலோகக் கம்பியை மக்னீசியம் ஆக்சைடு தூளில் பதித்து, செம்பு அல்லது வேறு கலப்புலோகக் குழலால் மூடியதாகும். தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, குறித்த சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அது செயலிழந்தால் மின்னோட்டத்தை நிறுத்த வெப்ப வெட்டி ஒன்று உண்டு. அதுவும் தவறினால் அழுத்தத்தை வெளியேற்ற அழுத்த விடுவிப்பு வால்வு உள்ளது. எஃகுத் தொட்டிகளில் மக்னீசியத் தண்டு ஒன்றும் இருக்கும். இது தான் அரிக்கப்பட்டுத் தொட்டியைக் காப்பதால் தியாக நேர்மின்வாய் எனப்படுகிறது.

15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்க 2000 வாட் சூடேற்றிக்கு ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஆகும். வழக்கத்தை விட நேரம் கூடிக்கொண்டே போனால் உள்ளே கோளாறு தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

ஆம்பூர்ப் பகுதியின் நீர்

பாலாற்றங்கரையில் அமைந்த ஆம்பூர், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. தோல் பதனிடுதலும் காலணி உற்பத்தியும் இவ்வூரின் முதன்மைத் தொழில்கள். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடப்படுகிறது. பின்னர் அதனை ஊறவைக்கும்போது அவ்வுப்பு கழிவுநீரில் சேர்கிறது. குரோமியத்தைப் படியவைத்து நீக்க முடியும். ஆனால் கரைந்த சோடியம் குளோரைடு வழமையான சுத்திகரிப்பில் நீங்காது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் போன்ற செலவு மிகுந்த முறைகள் தேவை. பல பத்தாண்டுகளாக ஆற்றுப் படுகையிலும் நிலத்திலும் விடப்பட்ட கழிவுநீர் கிணறுகளை உவர்ப்பாக்கியது. இது குறித்து 1991இல் தொடரப்பட்ட வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகத்து 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என அத்தீர்ப்பு அறிவித்தது. 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்றை மீட்பது குறித்தும் இழப்பீடு குறித்தும் மேலும் உத்தரவுகளைப் பிறப்பித்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடுதல் வேண்டும். கீசரினுள் வெள்ளையாகப் படிவது கறியுப்பு அன்று. அது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் கார்பனேட்டுப் படிவு. இக்கடினத்தன்மை பாறையிலிருந்து இயற்கையாகவும் நீரில் சேரும். குளோரைடு செய்யும் கேடு வேறு: அது குழலிலும் தொட்டியிலும் ஊசித்துளைகளாக அரிப்பை உண்டாக்குகிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் மக்னீசியத் தண்டும் விரைவில் கரைந்துவிடுகிறது. எனவே எல்லாவற்றுக்கும் தோல் ஆலையைக் காரணம் காட்டுவது சரியன்று; அவற்றுக்குப் பங்கே இல்லை என்பதும் உண்மையன்று.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எசு. 10500 தரத்தின்படி, குடிநீரில் மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கப்படுகிறது. கடினத்தன்மைக்கு இவ்வளவுகள் முறையே 200, 600 ஆகும். காவிரிக் கூட்டுக் குடிநீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் இரண்டுமுள்ள வீட்டில், முன்னதைக் கீசருக்குத் தனிக் குழாயில் கொடுத்தால் சாதனம் நெடுநாள் உழைக்கும்.

பழுதுகள்

படிவு தடித்தால் சூடேற்றியின் வெப்பம் நீருக்குச் செல்லாமல் குழலிலேயே தேங்குகிறது. நீர் கொதிப்பது போன்ற ஓசை எழும். இறுதியில் கம்பி எரிந்து அறுபடும். 2000 வாட் சூடேற்றியின் மின்தடை 230 வோல்ட்டில் ஏறத்தாழ 26 ஓம் இருத்தல் வேண்டும். பன்மானி முடிவிலியைக் காட்டினால் கம்பி அறுந்துள்ளது. முனைக்கும் குழலுக்கும் இடையே கடத்தல் காணப்பட்டால் குழல் துளைபட்டுள்ளது. இரண்டாவதே ஆபத்தானது. அந்நிலையில் நீர் சூடாகிக்கொண்டே இருக்கும். ஆனால் குழாயைத் தொடுபவருக்கு மின்னதிர்ச்சி நேரலாம். நிலக்கம்பியும் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்துண்டிப்பானும் இல்லாத வீட்டில் இது உயிரிழப்பில் முடியக்கூடும். துண்டிப்பான் அடிக்கடி விழுகிறது என்று அதனைக் கழற்றி நேரிணைப்புக் கொடுக்கும் பழக்கம் மிகவும் தவறானது. அது விழுவதே எச்சரிக்கை.

தூவல் மெலிந்தால் கீசரையே குறை கூறத் தேவையில்லை. தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார் மட்டுமே. ஷவர் துளைகளில் உப்பு அடைத்திருந்தால் தலைப்பகுதியைக் கழற்றி வினிகரில் ஊறவைப்பது போதுமானது.

சீரமைத்தல்

முதலில் மின்பலகையில் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதி செய்தல் வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. நீர் ஆறிய பின் உள்வரும் குழாயை மூடி, தொட்டியை வடித்து, அடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றிச் சூடேற்றி வெளியே எடுக்கப்படுகிறது. படிவை மரக்குச்சியால் சுரண்டி, எஞ்சியதைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் கரைக்கலாம். கழிவறை கழுவும் ஆசிட்டைப் பயன்படுத்துதல் கூடாது. அது படிவோடு உலோகத்தையும் தின்றுவிடும். திரும்பப் பூட்டும்போது ரப்பர் வளையத்தை மாற்றுவது நன்று. மக்னீசியத் தண்டு தேய்ந்து நடுக்கம்பி தெரிந்தால் அதனையும் மாற்ற வேண்டும். வெந்நீர்க் குழாயில் நீர் தடையின்றி வரும் வரை மின்சாரம் கொடுத்தல் ஆகாது; வெறுந்தொட்டியில் புதிய சூடேற்றியும் சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

அழுத்த விடுவிப்பு வால்விலும் உப்பு அடைக்கும். அதில் நீர் சொட்டுகிறது என்று ஆப்பு அடித்து மூடினால் தொட்டி வெடிக்க வாய்ப்புண்டு.

மாற்றுதல்

சூடேற்றி, தெர்மோஸ்டாட், வால்வு ஆகியவை தனித்தனியே விலைக்குக் கிடைக்கும் உறுப்புகள். அவை கெட்டால் முழுச் சாதனத்தையும் மாற்றத் தேவையில்லை. தொட்டியே ஒழுகினால் பற்றவைப்பது பயன் தராது. உள்பூச்சு சிதைந்து வேறிடத்தில் மீண்டும் ஒழுகும். புதியது வாங்குவோர் கடின நீருக்கு ஏற்ற சூடேற்றியும் பூச்சிட்ட தொட்டியும் உள்ளதா, ஐ.எசு.ஐ. முத்திரை உள்ளதா எனப் பார்த்தல் நன்று. 2000 வாட் சாதனம் ஏறத்தாழ 9 ஆம்பியரும், உடனடிச் சூடேற்றும் 3000 வாட் சாதனம் 13 ஆம்பியரும் இழுப்பதால் 16 ஆம்பியர் இணைப்பு இன்றியமையாதது. மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுதல் வேண்டும்.