சந்தா வானொலியில் பொதுத் தேர்தல்: அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பரப்புரைகளும் செயற்கைக்கோள் ஒலிபரப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவில் செயற்கைக்கோள் வானொலி 2001ஆம் ஆண்டு சந்தாச் சேவையாகத் தொடங்கப்பட்டது. 2008ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கென அது தனி அலைவரிசை ஒன்றை நடத்தியது. அந்த அலைவரிசையைச் சந்தா இல்லாதோருக்கும் திறந்துவிட்டது. வேட்பாளரின் உரையை முழுமையாகக் கேட்பது குடிமகனின் பொது உரிமையா, விலை கொடுத்துப் பெறும் சேவையா என்னும் வினாவை இந்நிகழ்வு எழுப்புகிறது. வானொலித் தேர்தல் சட்டங்களின் வரலாறு, அலைக்கற்றை உரிமங்கள், நிறுவன இணைப்பு, அலைவரிசைப் பகுப்பு ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செயற்கைக்கோள் வானொலி, தேர்தல் பரப்புரை, சம வாய்ப்பு விதி, அலைக்கற்றை, போட்டஸ் அலைவரிசை, பொதுநலன்.

1. முன்னுரை

தேர்தலுக்கும் ஊடகத்துக்கும் உள்ள உறவை ஆராய்வோர் பெரும்பாலும் தொலைக்காட்சியையும் இணையத்தையுமே கருத்தில் கொள்கின்றனர். செயற்கைக்கோள் வானொலி மிகுதியாக ஆராயப்படவில்லை. அதன் நேயர் தொகை தொலைக்காட்சியோடு ஒப்பிடத்தக்கதன்று என்பது அதற்கு ஒரு காரணமாகலாம். எனினும், தேர்தல் ஒலிபரப்பின் அடிப்படைச் சிக்கல் ஒன்றை அது தெளிவாகக் காட்டுகிறது. அலைக்கற்றை பொதுச்சொத்து, அதன் வழியே செல்லும் சேவையோ சந்தா செலுத்துவோர்க்கு உரியது. பொதுச்சொத்தின் வழியே பொதுத் தேர்தல் பற்றிய செய்தி செல்லும்போது, அதைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அச்சிக்கல்.

2. நிலவழி வானொலியும் சம வாய்ப்பு விதியும்

குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் வானொலிக்கும் உள்ள தொடர்பு வணிக வானொலி பிறந்த காலந்தொட்டே உள்ளது. பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பர் 2 அன்று, வாரன் ஹார்டிங், ஜேம்ஸ் காக்ஸ் ஆகியோர் போட்டியிட்ட தேர்தலின் முடிவுகளை ஒலிபரப்பியது. 1924ஆம் ஆண்டு கட்சி மாநாடுகளே வானொலியில் ஒலித்தன.

அலைவரிசைகள் குறைவு, அவற்றை நாடுவோர் மிகுதி என்னும் நிலையே ஒழுங்குமுறைக்கு அடிப்படையாயிற்று. 1927ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம் சம வாய்ப்பு விதியை வகுத்தது. 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம் 315ஆம் பிரிவில் அதனை ஏற்றுக்கொண்டது. நிலையம் ஒரு வேட்பாளருக்கு நேரம் அளித்தால் அதே பதவிக்குப் போட்டியிடும் பிறருக்கும் அளிக்கவேண்டும். வேட்பாளரின் பேச்சைத் தணிக்கை செய்யக்கூடாது. இவையே அப்பிரிவின் சாரம்.

இவ்விதி நடைமுறையில் விரைவிலேயே நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1959ஆம் ஆண்டு சிகாகோ மேயர் தேர்தலில் போட்டியிட்ட லார் டேலி, செய்தியறிக்கைகளில் பிற வேட்பாளர்கள் தோன்றியதைச் சுட்டித் தமக்கும் நேரம் கோரினார். கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அக்கோரிக்கையை ஏற்றது. அதன் விளைவாக அமெரிக்க நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, செய்தியறிக்கை, செய்தி நேர்காணல், செய்தி ஆவணப்படம், நிகழ்விட ஒலிபரப்பு ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தது. 1960ஆம் ஆண்டு கென்னடி–நிக்சன் விவாதங்களுக்காகச் சம வாய்ப்பு விதி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 312ஆம் பிரிவின் உட்கூறு, கூட்டாட்சிப் பதவிகளுக்குப் போட்டியிடுவோர்க்கு நியாயமான அளவில் ஒலிபரப்பு நேரம் கிடைக்க வழிசெய்தது. 1987ஆம் ஆண்டு ஆணையம் நேர்மைக் கோட்பாட்டைக் கைவிட்டது. பொதுப் பிரச்சினைகளில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்கும் கடமை அத்துடன் நீங்கியது. வேட்பாளர்க்கான சம வாய்ப்பு விதி மட்டும் நிலைத்தது. இவ்வேறுபாடு பின்னர் செயற்கைக்கோள் வானொலியின் போக்கைத் தீர்மானித்தது.

3. அலைக்கற்றையும் உரிமங்களும்

1997ஆம் ஆண்டு ஆணையம் 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை இரு கூறாக்கி ஏலத்தில் விட்டது. ஒவ்வொரு கூறும் 12.5 மெகாஹெர்ட்ஸ் அளவினது. பின்னாளில் எக்ஸ்எம் எனப் பெயர்பெற்ற நிறுவனம் ஏறத்தாழ 9 கோடி டாலருக்கும், பின்னாளில் சிரியஸ் எனப் பெயர்பெற்ற நிறுவனம் ஏறத்தாழ 8.3 கோடி டாலருக்கும் உரிமங்களைப் பெற்றன. எக்ஸ்எம் நிறுவனத்தின் தொடக்க முதலீட்டாளர்களுள் ஒன்று வேர்ல்ட்ஸ்பேஸ். ஏசியாஸ்டார் செயற்கைக்கோளின் வழியே தமிழ்ப் பாடல்களையும் கருநாடக இசையையும் 2009ஆம் ஆண்டின் இறுதிவரை இந்திய இல்லங்களுக்குக் கொண்டுவந்த நிறுவனமும் அதுவே.

1997ஆம் ஆண்டின் ஆணையில் நான்கு நிபந்தனைகள் இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை. முதலாவது, இரு உரிமதாரரும் வேட்பாளர்களுக்கான 312, 315ஆம் பிரிவுகளின் கடமைகளுக்கு உட்பட்டவர்கள். சந்தாச் சேவையாயினும் அலைக்கற்றை பொதுச்சொத்தே என்னும் கருத்து இதில் உறைந்துள்ளது. இரண்டாவது, ஓர் உரிமதாரர் மற்றவரைக் கையகப்படுத்தக்கூடாது. மூன்றாவது, இரு சேவைகளையும் பெறவல்ல பொதுவான ஏற்பிக் கருவி வடிவமைக்கப்படவேண்டும். நான்காவது, தரையிலுள்ள துணை அலைபரப்பிகள் செயற்கைக்கோளில் வரும் நிகழ்ச்சியை மட்டுமே மீள ஒலிபரப்பவேண்டும். அவற்றில் உள்ளூர் நிகழ்ச்சிகளைத் தனியே புகுத்தக்கூடாது.

எக்ஸ்எம் 2001 செப்டம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிரியஸ் 2002ஆம் ஆண்டு தொடங்கியது. எக்ஸ்எம் தொடக்கத்தில் மாதத்துக்கு 9.95 டாலரும், சிரியஸ் 12.95 டாலரும் சந்தா பெற்றன. நாடு முழுவதும் ஒரே ஒலி, உள்ளூர் நிகழ்ச்சிக்கு இடமின்மை என்னும் இயல்பு தேர்தல் ஒலிபரப்புக்குத் தனித்தன்மை அளித்தது. அமெரிக்க முதனிலைத் தேர்தல்கள் மாநிலந்தோறும் வெவ்வேறு நாட்களில் நடைபெறுபவை. அயோவாவின் ஊர்க்கூட்டத்தில் வேட்பாளர் பேசுவதை டெக்சாஸ் நெடுஞ்சாலையில் செல்லும் சரக்குந்து ஓட்டுநர் இடையறாது கேட்க இத்தொழில்நுட்பம் வழிவகுத்தது. நூறு மைல் கடந்தால் அலைவரிசை மாறும் பண்பலை வானொலியால் இயலாத செயல் இது.

4. போட்டஸ் '08 அலைவரிசை

எக்ஸ்எம் நிறுவனம் 2007 செப்டம்பர் 24 அன்று 130ஆம் எண்ணில் ‘போட்டஸ் '08’ என்னும் அலைவரிசையைத் தொடங்கியது. ‘ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர்’ என்பதன் ஆங்கிலத் தலைப்பெழுத்துச் சுருக்கமே போட்டஸ். வாக்குப்பதிவு நாளான 2008 நவம்பர் 4க்குப் பதின்மூன்று மாதங்களுக்கும் மேலாக முன்னரே தொடங்கப்பெற்ற இவ்வலைவரிசை தேர்தலுக்கென்றே அமைந்தது. விளம்பரங்கள் இல்லை. பரப்புரை உரைகள், விவாதங்கள், நேர்காணல்கள், நேயர் தொலைபேசி உரையாடல்கள் ஆகியன இடம்பெற்றன.

இதன் சிறப்பை உணர அக்காலச் செய்தி நடைமுறையோடு ஒப்பிடவேண்டும். தேசியத் தொலைக்காட்சிச் செய்திகளில் வேட்பாளரின் குரல் இடையீடின்றி ஒலித்த சராசரி நேரம் 1968ஆம் ஆண்டு 43 நொடிகளாக இருந்து 1988ஆம் ஆண்டு 9 நொடிகளாகச் சுருங்கியது என டேனியல் ஹாலின் தம் ஆய்வில் காட்டினார். ஒன்பது நொடியில் முழக்கம் அடங்கும், வாதம் அடங்காது. 2008 மார்ச் 18 அன்று பிலடெல்பியாவில் இனப்பிரச்சினை குறித்துப் பராக் ஒபாமா ஆற்றிய உரை ஏறத்தாழ 37 நிமிடங்கள் நீண்டது. கருப்பின மக்களின் சினத்தையும் வெள்ளையின மக்களின் மனக்குறையையும் அடுத்தடுத்து விளக்கிச் செல்லும் அவ்வுரையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் அதன் பொருளே மாறிவிடும். இத்தகைய உரைகளை முழுமையாகக் கேட்பதற்கான களம் நாடு தழுவிய வானொலியில் அமைந்ததே போட்டஸின் பயன். வாஷிங்டனில் 1997ஆம் ஆண்டு பண்பலை நிலையமாகத் தொடங்கிய சி-ஸ்பான் வானொலியும் செயற்கைக்கோள் வழியாகவே நாடெங்கும் பரவியது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

போட்டஸ் '08 சந்தா இல்லாமலேயே கேட்கக்கூடியதாக அமைந்தது. எக்ஸ்எம் ஏற்பிக் கருவி வைத்திருப்போர் சந்தாவை நிறுத்தியிருந்தாலும் அதனைக் கேட்கலாம். கட்டணத்தையே வருவாயாகக் கொண்ட நிறுவனம் தேர்தலுக்கு மட்டும் கட்டணத்தை விலக்கியது. தேர்தல் செய்தி பிற நிகழ்ச்சிகளைப் போன்ற விற்பனைப் பொருளன்று என்னும் ஒப்புதலாக இதனைக் கொள்ளலாம். ஆயினும் அத்திறப்பு முழுமையானதன்று. சிரியஸ் கருவிகளில் எக்ஸ்எம் ஒலிபரப்பைப் பெற இயலாது. ஆணையம் 1997ஆம் ஆண்டிலேயே வலியுறுத்திய பொதுக் கருவி அப்போது கடைகளுக்கு வரவில்லை. பண்பலை வானொலி மட்டும் வைத்திருந்தவருக்கு இக்கதவு மூடியே இருந்தது.

5. நிறுவன இணைப்பும் பொதுநலனும்

போட்டஸ் '08 தோன்றிய சூழலையும் கருதவேண்டும். 2007 பிப்ரவரியில் எக்ஸ்எம், சிரியஸ் நிறுவனங்கள் இணையப்போவதாக அறிவித்தன. ஒருவர் மற்றவரைக் கையகப்படுத்தலாகாது என்னும் விதி குறுக்கே நின்றமையால், இணைப்பு பொதுநலனுக்கு உகந்தது என அவை ஆணையத்திடம் நிறுவவேண்டியிருந்தது. அவ்விண்ணப்பம் ஆய்வில் இருந்த காலத்திலேயே கட்டணமற்ற தேர்தல் அலைவரிசை தொடங்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என முடிவுசெய்ய இயலாது. எனினும், பொதுநலனைச் சான்றுகளோடு காட்டவேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு அப்போது இருந்தது என்பதை மறுக்கவும் இயலாது.

நீதித்துறை 2008 மார்ச்சில் எதிர்ப்பின்றி விசாரணையை முடித்தது. ஆணையம் ஜூலை மாதம் மூவருக்கு இருவர் என்னும் வாக்கில் ஒப்புதல் வழங்கியது. மூன்றாண்டுகளுக்குக் கட்டண உயர்வுக்கு வரம்பு, அலைவரிசைக் கொள்ளளவில் நான்கு விழுக்காடு வணிக நோக்கற்ற கல்வி, தகவல் நிகழ்ச்சிகளுக்கு, மேலும் நான்கு விழுக்காடு சிறுபான்மையினர் உள்ளிட்ட தகுதியுடைய அமைப்புகளுக்கு என நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. தேர்தலுக்கென ஓர் அலைவரிசையைக் கட்டணமின்றித் தொடரவேண்டும் என்னும் நிபந்தனை அவற்றுள் இல்லை. தேர்தலுக்குப்பின் போட்டஸ், ‘ஐக்கிய நாடுகளின் அரசியல்’ என்னும் பொருள்படத் தன் சுருக்கத்தை விரித்துக்கொண்டு நிலையான அரசியல் அலைவரிசையாயிற்று.

2008ஆம் ஆண்டின் இறுதியில் இணைந்த நிறுவனத்தின் சந்தாக்கள் ஏறத்தாழ 1.9 கோடி. அவ்வாண்டுத் தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 13.1 கோடி. ஒரு சந்தாவைப் பலர் கேட்கலாம் என்றாலும், இச்சேவைக்கு வெளியே இருந்தோரின் தொகையை இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன.

6. அடுத்தடுத்த எண்கள், வேறுவேறு அவைகள்

நேர்மைக் கோட்பாடு நீங்கிய பின்னர் பிறந்த செயற்கைக்கோள் வானொலிக்கு, ஓர் அலைவரிசைக்குள் பல கருத்துகளுக்கு இடமளிக்கும் கடமை இல்லை. எனவே, கருத்துக்கு ஓர் அலைவரிசை என்னும் முறை வளர்ந்தது. 2016ஆம் ஆண்டுத் தேர்தலின்போது 124இல் நடுநிலை அரசியலுக்கான போட்டஸ், 125இல் வலதுசாரி நேயருக்கான பேட்ரியட், 126இல் கருப்பின நேயரை முன்னிறுத்திய அர்பன் வியூ, 127இல் இடதுசாரி நேயருக்கான புரோகிரஸ் என அவை அடுத்தடுத்து அமைந்தன. 2015ஆம் ஆண்டின் இறுதியில் பேட்ரியட் அலைவரிசையில் பிரைட்பார்ட் செய்தி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கத் தொடங்கிய ஸ்டீவ் பேனன், 2016 ஆகஸ்டில் டொனால்ட் டிரம்பின் பரப்புரைத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஒலிபரப்பாளருக்கும் பரப்புரையாளருக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு குறுகியது என்பதற்கு இது சான்று.

சம வாய்ப்பு விதி இங்கு ஏன் பெரிதும் தலையிடவில்லை என்னும் வினா எழும். செய்தி நேர்காணலுக்கான 1959ஆம் ஆண்டின் விலக்கு காலப்போக்கில் விரிவடைந்ததே அதற்குக் காரணம். ஹோவர்ட் ஸ்டெர்ன் நிலவழி வானொலியில் இருந்த 2003ஆம் ஆண்டிலேயே, அவருடைய கேளிக்கை நிகழ்ச்சியின் நேர்காணல்களும் இவ்விலக்குக்கு உரியவை என ஆணையம் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டு செயற்கைக்கோள் வானொலிக்கு வந்த ஸ்டெர்ன், 2024 ஏப்ரலில் ஜோ பைடனையும் அக்டோபரில் கமலா ஹாரிசையும் நேர்காணல் செய்தார். இவ்வாறு உரையாடல் விதிக்கு வெளியே சென்றது. விதி பெரிதும் கட்டண விளம்பரங்களையே கட்டுப்படுத்தலாயிற்று. 2016 ஜனவரியில் ஆணையம் பிறப்பித்த ஆணையின்படி செயற்கைக்கோள் வானொலியும் அரசியல் விளம்பரக் கோப்புகளை இணையத்தில் வெளியிடவேண்டியதாயிற்று. விளம்பர நேரத்தை யார் வாங்கினார் என்பதைக் குடிமகன் இன்று கட்டணமின்றிக் காணலாம். வேட்பாளரின் உரையை அதே சேவையில் கேட்கச் சந்தா செலுத்தவேண்டும்.

7. முடிவுரை

அலைவரிசைகளின் பற்றாக்குறையே தேர்தல் ஒலிபரப்பு விதிகளைப் பிறப்பித்தது. செயற்கைக்கோள் வானொலி நூற்றுக்கும் மேற்பட்ட அலைவரிசைகளால் அப்பற்றாக்குறையை நீக்கியது. முழு உரைக்கும் நீண்ட விவாதத்துக்கும் இடம் தந்தது. அதே வேளையில் இரு வேறு பற்றாக்குறைகளை உருவாக்கியது. கருவியும் சந்தாவும் இல்லாதோர்க்கு உரை எட்டவில்லை; அவை உள்ளோர்க்கு, மாற்றுக் கருத்தை எதிர்கொள்ளும் தேவை இல்லாமற்போயிற்று. போட்டஸ் '08 இவ்விரண்டுக்கும் ஒருசேர விடைகாண முயன்ற அரிய தருணம். பதின்மூன்று மாதங்கள் எல்லா வேட்பாளரின் குரலும் ஒரே எண்ணில், சந்தாவின்றி, விளம்பரமின்றி ஒலித்தது. ஆனால் அது நிறுவனம் விரும்பி அளித்த சலுகையாக நின்றது. உரிமமோ இணைப்பு ஆணையோ அதனைக் கடமையாக்கவில்லை. பேசுவோரின் வாய்ப்பைச் சட்டம் 1927ஆம் ஆண்டு முதல் பாதுகாத்து வருகிறது. கேட்போரின் வாய்ப்பு இன்னும் சந்தையின் பொறுப்பிலேயே உள்ளது.