எலி வளையில் இருந்த நெல்

எலியை யாருக்காவது பிடிக்குமா? விவசாயியிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே எலியின் வளையை நம்பி உலை வைத்த மக்களும் தமிழ்நாட்டில் உண்டு. அவர்கள்தான் இருளர்கள்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது மரக்காணம். சாலையில் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது உப்பளங்கள். பக்கத்திலேயே கழுவெளி ஏரி, அதைச் சுற்றிய ஊர்களில் நெல் வயல்கள். இந்த உப்பளங்களில் கூலி வேலை செய்பவர்களில் இருளர்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு வேலை நின்றுவிடும். மழை முடிந்து நெல் அறுவடையாகும் காலம்தான் எலி வேட்டைக்கு ஏற்ற காலம்.

எலி நெல்லைச் சேர்த்து வைப்பது தமிழர்களுக்குப் புதிய செய்தி அல்ல. புறநானூற்றின் 190ஆம் பாடலில் சோழன் நல்லுருத்திரன், வளைந்த கதிர்களைக் கொண்டுபோய் வளையில் நிறைக்கும் எலியைக் காட்டி, அப்படிப்பட்ட கஞ்சர்களின் நட்பு வேண்டாம் என்கிறான். சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எலியின் சேமிப்பை ஒருவர் கவனித்திருக்கிறார்!

வயல்களில் அதிகச் சேதம் செய்வது கரம்பை எலி. வரப்பில் வளை தோண்டி, கதிர்களை வெட்டி உள்ளே இழுத்துச் சென்று தனி அறையில் அடுக்கும். வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஆபத்து வந்தால் தப்பிக்க வேறு வழியும் வைத்திருக்கும்.

இருளர்கள் புது மண்ணைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். அடியில் ஓட்டையிட்ட மண்பானையில் வைக்கோல் போட்டுத் தீ மூட்டுவார்கள். பானையின் வாயை வளையில் பொருத்தி, ஓட்டை வழியாக ஊதுவார்கள். புகையில் திணறும் எலியைக் கடப்பாரையால் தோண்டி எடுப்பார்கள். எலி கறியாகும். வளையில் கிடைக்கும் நெல்லைக் கழுவிக் காயவைத்தால் சோறாகும். விவசாயிக்கும் பயிர் மிஞ்சும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊதுகிறவரின் உதடும் கையும் சுடும், நெஞ்செல்லாம் புகை நிறையும். எலியின் மிச்சத்தை மனிதர் தேடிப்போகக் காரணம் வறுமை என்பதையும் மறக்கக் கூடாது.

இருளர்களின் இன்னொரு வருமானம் பாம்புத்தோல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விற்கும் வழி பிறந்தது. ஆனால் அதில் சிலருக்குத்தான் இடம் கிடைத்தது.

வயலிலோ எலி விஷம் வந்தது. துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையைத் தின்று பிழைத்த எலி, மறுபடி அந்த இரையைத் தொடாது. செத்த எலியைத் தின்னும் பறவைக்கும் விலங்குக்கும் ஆபத்து. விஷம் வைத்த வயலின் எலியை மனிதரும் சமைக்க முடியாது.

வாயால் ஊத வேண்டிய கொடுமையைப் போக்க, கையால் சுழற்றும் எஃகுப் புகைக் கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. 2003இல் உலக வங்கி நடத்திய போட்டியில் இந்தத் திட்டத்துக்குப் பரிசும் கிடைத்தது. தொழிலை ஒழிக்காமல் அதிலிருந்த வேதனையைக் குறைத்ததுதான் இதன் சிறப்பு.

2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பாம்பு பிடிக்கும் திறமைக்காக பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பாம்பு பிடிப்பவருக்கு விருது கிடைத்துவிட்டது. ஆனால் எலி பிடிப்பதும் எலிக்கறி தின்பதும் இன்னும் ஏளனப் பேச்சாகவே இருக்கின்றன. விவசாயியின் நெல்லைக் காத்தவர்களுக்கு இதுதானா கூலி?

நல்லுருத்திரன் எலி என்று சொன்னது தனக்கென்றே பதுக்குகிறவர்களை. அந்தப் பதுக்கலைத் தோண்டி வெளியே எடுத்தவர்களை அல்ல.