சென்னையில் தேடிய கோள்

நம் ஞாயிற்றுக்கு இருப்பதுபோல் பிற விண்மீன்களுக்கும் கோள்களாகிய குடும்பம் உண்டோ என்னும் வினா மிகப் பழையது. அளவைகொண்டு அதற்கு விடைகாண முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் தமிழ்நாட்டில் பணிபுரிந்தவர் என்பதை மாணவர் பலர் அறியார்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வுக்கூடம் ஒன்றை அமைத்தனர். பின்னாளில் அதன் தலைவராக விளங்கியவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். ஓபியூக்கஸ் விண்மீன் கூட்டத்தில் 70 என்னும் எண் பெற்றது ஓர் இரட்டை விண்மீன். அவ்விரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ 88 ஆண்டுகளில் சுற்றி வருகின்றன. கணக்கின்படி அவை நிற்கவேண்டிய இடத்துக்கும், தொலைநோக்கியில் காணப்பட்ட இடத்துக்கும் சிறு வேறுபாடு இருப்பதை ஜேக்கப் கண்டார்.

யுரேனஸ் தன் பாதையினின்று விலகியதைக்கொண்டே 1846-இல் நெப்டியூன் கண்டறியப்பட்டது. அதே நெறியில், கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று இங்கும் ஈர்க்கின்றது போலும் என ஜேக்கப் கருதினார். 1855-இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் இதழில் அதனை வெளியிட்டார். உறுதி என்று கூறாது, மிகவும் ஏற்கத்தக்கது என்ற அளவிலேயே கூறினார். 1896-இல் அமெரிக்கரான சீ என்பவரும் அத்தகைய கருத்தையே கொண்டார். ஆனால் அவர் கூறிய பாதையில் ஒரு கோள் நிலைத்திருத்தல் இயலாது என 1899-இல் மோல்டன் கணக்கிட்டுக் காட்டினார். பிற்கால நுண்ணிய அளவைகளிலும் அக்கோள் தென்படவில்லை.

எனினும், காணப்படும் பொருளின் அசைவால் காணப்படாததை அறியும் அந்நெறி பின்னர் வென்றது. 1995-இல் ஜெனீவாவைச் சேர்ந்த மேயர், கெலோஸ் இருவரும் பெகாசஸ் 51 என்னும் விண்மீனின் ஒளியை ஆராய்ந்து, அதன் தள்ளாட்டத்தால் ஒரு கோளைக் கண்டனர். வியாழனின் எடையில் பாதியளவேனும் உள்ள அக்கோள் நான்கே நாட்களில் தன் விண்மீனைச் சுற்றிவிடுகிறது! நம் புதனுக்கோ 88 நாட்கள் வேண்டும். வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள்.

பாறைக்கோள்கள் அருகிலும் பெருங்கோள்கள் தொலைவிலும் அமைந்த நம் குடும்பத்தையே எங்கும் காண்போம் என்று எண்ணியிருந்தோர் திகைத்தனர். 2009 முதல் 2018 வரை இயங்கிய கெப்ளர் விண்தொலைநோக்கி, புவிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட பருமனுடைய கோள்களை ஏராளமாகக் காட்டியது. நம் குடும்பத்தில் அத்தகையது ஒன்றேனும் இல்லை. டிராப்பிஸ்ட் 1 என்னும் சிறு விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்களும் புதனின் பாதைக்குள் அடங்கிவிடுமளவு நெருங்கியவை. 2022-க்குள் அறியப்பட்ட புறக்கோள்கள் 5000-ஐக் கடந்தன.

ஜேக்கப் தம் அளவைகளையும் கருத்தையும் பிறர் சரிபார்க்கும்படி வெளியிட்டமையால்தான் பின்வந்தோர் அதனை ஆராய்ந்து மறுக்க முடிந்தது. அறிவியல் வளரும் முறை அதுவே. ஆனி மாத நள்ளிரவில், வானம் தெளிந்திருந்தால், குமரிமுனையில் நிற்போருக்கு அந்த விண்மீன் ஏறத்தாழ உச்சிக்கு நேராகத் தோன்றும். வெறுங்கண்ணுக்கு அது ஒரு மங்கிய ஒற்றைப் புள்ளியே. மாணவர்களே, விண்மீன் படத்தைத் துணைக்கொண்டு அதனைத் தேடிப் பாருங்கள்.