மீன்தொட்டியில் திடீர் நோய்

மதுரை போன்ற ஊர்களின் வீட்டுத் தொட்டிகளில் அலங்காரத்துக்காக வளர்க்கப்படும் மீன்கள், நேற்றுவரை நலமாய் உலவியிருந்தும், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கூட்டமாக நலிந்து மடிவது உண்டு. கிருமியே இதற்குக் காரணம் எனக் கொண்டு உடனே மருந்தை நாடுவது பொது வழக்கமாயினும், மீன் சுவாசிப்பதும் கழிவை வெளியேற்றுவதும் ஒரே ஜலத்திலாகையால், பெரும்பாலும் ஜலத்தின் கேடே மூலகாரணமாகவும், கிருமி அக்கேட்டினால் தளர்ந்த உடலைப் பற்றுவதாகவும் அமைகின்றன.

காரணத்தைப் பிரித்தறிதல்: எல்லா மீன்களும் இனபேதமின்றி ஒரே நாளில் வாடினால் ஜலத்தையும், ஒன்றன்பின் ஒன்றாக நோயுற்றால் கிருமியையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் கூடி வாயை ஓயாமல் திறந்து மூடுவதும், பெரிய மீன்கள் முதலில் சாவதும் பிராணவாயுக் குறைவின் லட்சணங்கள். அவ்வேளையில், வெளிக்காற்றையும் சுவாசிக்கவல்ல ஃபைட்டர் மீனும் குராமி மீனும் மட்டும் வழக்கம்போல் திரிந்தால் ஐயம் உறுதிப்படும். செவுள் சிவந்து எரிச்சலுற்றிருப்பின் அம்மோனியாவையும், பழுப்பேறியிருப்பின் நைட்ரைட்டையும் கருதலாம். பின்னது இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுப்பது.

மதுரையின் நீரும் பருவமும்: நகரக் குழாய்நீருக்கு முக்கிய ஆதாரமாக விளங்குவது 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணை. கிருமி நீக்கத்துக்காகக் குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டும் என விதிக்கப்பட்டுள்ள லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மனிதருக்குத் தீங்கற்றது. மீனின் மெல்லிய செவுளுக்கோ அதுவே விஷமாகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் அத்தோஷம் இல்லையெனினும், அது உப்புக்கள் செறிந்த கடினநீராகவும், பம்பிலிருந்து வந்தவுடன் பிராணவாயு குன்றியதாகவும் இருப்பதால், இருவகை நீரையும் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, காற்றுப் பம்பினால் கலக்கிய பின்னரே தொட்டியில் சேர்த்தல் தகும்.

வெயில் 40 பாகையைத் தாண்டும் கத்திரி நாட்களில் ஆபத்து இரட்டிக்கிறது. 25 பாகை உஷ்ணத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகக் கரையவல்ல பிராணவாயு, 35 பாகையில் ஏறத்தாழ 7 ஆகக் குறைய, மீனின் தேவையோ உஷ்ணத்தோடு கூடுகிறது. அதே உஷ்ணமும் கடினநீரின் காரத்தன்மையும் அம்மோனியாவின் நச்சுப் பகுதியைப் பெருக்குகின்றன. பிஎச் அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால் அப்பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். இந்நிலையில் மின்தடையால் பில்டரும் பம்பும் நின்றுபோனால், மீன் நெருங்கிய தொட்டி ஒரே இரவில் காலியாவது வியப்பன்று.

கிருமி நோய்கள்: உடலெங்கும் ரவை தூவினாற்போல் தோன்றும் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான ஒற்றையணு ஜீவிக்கு 1876-ல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலியிஸ் எனப் பெயரிட்டார். தோலுக்கடியில் முதிர்ந்தபின் இது உதிர்ந்து, தொட்டியின் அடியில் உறைபூண்டு, நூற்றுக்கணக்கில் பிரிந்து மீண்டும் மீனைத் தேடி நீந்துகிறது; மருந்து பலிப்பது இந்நீந்தும் பருவத்தில் மட்டுமேயாதலின், புள்ளி மறைந்த பின்னும் சிகிச்சையைத் தொடர்தல் அவசியம். 30 பாகைக்கு மேல் இது பெருகாமையால், இந்நோய் கோடையைவிட மழைநாட்களிலும் மார்கழிக் குளிரிலுமே மிகுதி. மாறாக, 1922-ல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட காலம்னாரிஸ் வெப்பத்தில் மூர்க்கமடையும் பாக்டீரியா நோய். வாயிலும் முதுகிலும் பஞ்சுபோல் படர்வதால் பூஞ்சணமென மயங்கவைக்கும் இது, ஓரிரு நாளில் உயிர்கவரவும் கூடும். வெண்புள்ளியைத் தணிக்க உதவும் வெப்பம் இந்நோயை முற்றச் செய்யுமாகையால், நோயை இன்னதென்று அறியாமல் நீரைச் சூடாக்கலாகாது. கண்மாயில் பிடித்த விராலையும் கெண்டையையும் தொட்டியில் விடுவோர், 1988-ல் இந்தியாவின் வடகிழக்கில் தோன்றிப் பின்னர்ப் பல மாநிலங்களுக்குப் பரவிய புண்நோயையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உடனடிச் சிகிச்சை: உணவை நிறுத்தி, ஒரு நாள் வைத்த, ஒத்த உஷ்ணமுள்ள நீரால் தொட்டியின் கால் முதல் மூன்றிலொரு பங்கை மாற்றி, காற்றோட்டத்தை மிகுவித்தலே முதற்பணி. மின்சாரம் இல்லாதபோது தொட்டி நீரையே செம்பில் முகந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பதும் பயன்தரும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது வெண்புள்ளிக்கும் நைட்ரைட் நச்சுக்கும் நல்லது. ஆயினும் கெளுத்தி இனங்களும் நீர்ச்செடிகளும் அதனை எளிதில் தாங்கா. பில்டர் பஞ்சைக் குழாய்நீரில் அலசுவதும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கண்டபடி கலப்பதும், கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, நோய் தணிந்த தொட்டியில் அம்மோனியாவைப் புதிதாக வளர்த்துவிடும்.

தடுப்பு: புதுத்தொட்டியில் அந்நல்ல பாக்டீரியாக்கள் நிலைபெறச் சில வாரங்கள் வேண்டுமாதலால், மீன்களைச் சிலவாகவே விடுதல் வேண்டும். புதிதாய் வாங்கியவற்றை இரண்டு முதல் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பது உத்தமம். நோயுற்ற மீனையோ அதன் நீரையோ வைகையிலும் கண்மாயிலும் விடுவது நோயை ஊருக்குப் பரப்புவதாகும். செத்த மீனை மண்ணில் புதைத்து, தொட்டிநீரைச் செடியில்லா வெறுந்தரையில் கொட்டுவதே முறை.