வைர முனைகளுக்கு நடுவே கார்பன் குழாய்

கார்பன் நானோகுழாய்களை நசுக்கிப் பார்க்கும் ஆய்வுகள் 1990களின் இறுதியில் வேகம் பிடித்தன. அவற்றுக்கு வேண்டிய கருவியோ அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது.

உயர் அழுத்த இயற்பியலுக்கு அடித்தளமிட்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்சி பிரிட்ஜ்மன். அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகும் அடைப்பை அவர் வடிவமைத்தார். வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் ஒரு லட்சம் மடங்கை, அதாவது 10 ஜிகாபாஸ்கலை, எட்டினார். 1946இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அவருடைய கருவிகளின் உலோகச் சுவர் ஒளியை உள்ளே விடாது. அந்தக் குறை 1958இல் தீர்ந்தது. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் இரண்டு வைர முனைகளுக்கிடையே பொருளை வைத்து நெருக்கும் சிறு கலம் உருவானது. வைரம் கடினமானது, ஒளியையும் விடும். விலைதான் இடையூறு, கடத்தல்காரர்களிடம் அரசு பறிமுதல் செய்த வைரங்கள் அந்த ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தன. 1970களில், ரூபித் துணுக்கின் ஒளிர்வைக் கொண்டு உள்ளிருக்கும் அழுத்தத்தை அளக்கும் முறை வந்தது. சர் சி.வி. ராமனிடம் பணியாற்றிப் பின்னர் பெல் ஆய்வகத்துக்குச் சென்ற அ. ஜெயராமன் இக்கலத்தைப் பற்றி 1983இல் எழுதிய விரிவான கட்டுரை இத்துறையினரின் கையேடானது.

ஜப்பானின் சுமியோ இஜிமா 1991இல் பல சுவர்க் கார்பன் நானோகுழாய்களை விவரித்தார். ஒற்றைச் சுவர்க் குழாய்கள் 1993இல் வந்தன. வைரத்தின் ஊடே இவற்றை ஆராய, லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறும்போது நிறம் மாறுவதைக் கொண்டு அணுக்களின் அதிர்வை அறியும் ராமன் சிதறலே முதன்மைக் கருவி. குழாயின் விட்டம் விரிந்து சுருங்கும் 'மூச்சு அதிர்வு' அதில் தெளிவாகத் தெரியும். 1999இல் உமா வெங்கடேஸ்வரன் குழுவினர் குழாய்க் கட்டுகளை அழுத்தியபோது, சுமார் 1.5 ஜிகாபாஸ்கலுக்கு மேல் அந்த அதிர்வின் அடையாளம் மறைந்தது. வட்டமான குறுக்குவெட்டு நசுங்கிவிட்டது என்பது பலர் தந்த விளக்கம். ஆனால் அடையாளம் மறைவது வடிவம் மாறியதற்கு நேரடிச் சான்றாகாது. அழுத்தத்தில் குழாயின் மின்னணு ஆற்றல் நிலைகள் நகர்ந்து, லேசரோடு இருந்த ஒத்திசைவு கெட்டாலும் அது மங்கும். சர்ச்சை நீண்டதற்கு இதுவே காரணம்.

அகன்ற குழாய் எளிதில் நசுங்கும். விட்டம் இரட்டித்தால் நசுங்கத் தேவையான அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிறது. கலத்துக்குள் குழாய்களைச் சூழ்ந்து அழுத்தத்தைக் கடத்தும் திரவத்துக்கும் இதில் பங்குண்டு: திறந்த முனை வழியே மூலக்கூறுகள் புகுந்தால், அவை உள்ளிருந்து சுவரைத் தாங்கும். ஆகவே ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்கள் மாறியதில் வியப்பில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அ.கு. சூத் குழுவினர் 2000இல் சுமார் 26 ஜிகாபாஸ்கல் வரை சென்றனர்; அழுத்தத்தை விலக்கியதும் குழாய்கள் பழைய நிலைக்கே திரும்பின. அந்த மீட்சிக்கும் எல்லை உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சூடேற்றாமலேயே சுமார் 75 ஜிகாபாஸ்கலில் நானோகுழாய்கள் அறுகோணப் படிக அமைப்புள்ள, மிகக் கடினமான வேறொரு கார்பனாக மாறின. அழுத்தத்தை நீக்கிய பிறகும் அது குழாயாகத் திரும்பவில்லை.