யப்பானின் அரைச்சங்கிலி வாகனமும் வான் பாதுகாப்பும்

யப்பானிய ஆண்டுக் கணக்கில் 2598 என்பது கி.பி. 1938 ஆகும். அக்கணக்கின் ஈற்றிலக்கங்களைக் கொண்டு படைக்கலங்களுக்குப் பெயரிடுவது அந்நாட்டு இராணுவத்தின் அன்றைய வழக்கமாக இருந்தது. 98ஆம் வகை 20 மில்லிமீற்றர் விமான எதிர்ப்புப் பீரங்கி அவ்வாறே பெயர்பெற்றது. இருபது குண்டுகள் அடங்கிய பெட்டி அதன் மேற்புறத்திற் செருகப்படும். இரு சில்லுகளில் இழுத்துச் சென்று, வேண்டிய இடத்தில் நிலத்தில் ஊன்றிச் சுடுவர். குறைபாடும் இங்கேயே இருந்தது. தெருவழியே நகரும் படையணியைத் தாழப் பறந்து தாக்கும் விமானம், பீரங்கியை ஊன்றி முடிக்கும்வரை காத்திருப்பதில்லை.

இதற்குப் பரிகாரமாகவே, முன்புறம் சில்லுகளும் பின்புறம் சங்கிலித் தடமும் பூண்ட அரைச்சங்கிலி வாகனத்தில் அப்பீரங்கியை ஏற்றிப் பார்த்தனர். லொறி புதையும் சேற்று நிலத்திலும் இவ்வகை வாகனம் செல்லவல்லது. ஆயினும் முயற்சி பரிசோதனையுடன் நின்றுவிட்டது. ஏறக்குறைய இதே அமைப்புடைய வாகனங்களை யேர்மனி பெருந்தொகையிற் களமிறக்கியது. ஐக்கிய அமெரிக்காவோ நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் பூட்டிய எம்-16 வாகனங்களை இரண்டாயிரத்துக்கு மேல் உற்பத்தி செய்தது.

இதனைத் தொழில்நுட்பப் பின்தங்கலெனக் கூறி அமைவது எளிது. எமக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. வாகனத்தைச் செய்து காட்டிய பொறியியலாளர் அதனை மீண்டுஞ் செய்ய அறியாதவரல்லர். 1937இன் பின் சீனப் போரில் வானாதிக்கம் பெரும்பாலும் யப்பானியரிடமே இருந்தது. தம் தலைக்கு மேலே வரும் ஆபத்தை அவர்கள் அவசரமாக உணரவில்லை. 1942 ஏப்ரல் 5இற் கொழும்பும் 9இல் திருகோணமலையும் யப்பானிய விமானங்களாற் தாக்கப்பட்டன. அதே மாதம் 18ஆந் திகதி பதினாறு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவையும் வேறு சில நகரங்களையுந் தாக்கின!

தேவை உணரப்பட்டபோது உருக்கு இருக்கவில்லை. 1940இல் யப்பானின் உருக்கு உற்பத்தி ஏறக்குறைய 70 இலட்சம் தொன்; அமெரிக்காவினதோ ஆறு கோடித் தொன் அளவினது. அச்சிறு பங்கிற்கும் தரைப்படையும் கடற்படையும் போட்டியிட்டன. கப்பல்களும் விமானங்களும் முந்திக்கொள்ள, 1942இல் ஆயிரத்து நூறுக்கு மேலிருந்த டாங்கி உற்பத்தி 1944இல் நானூறளவிற்கு வீழ்ந்தது. டாங்கிக்கே இந்நிலையெனில், பரிசோதனை வாகனமொன்றிற்கு யார் உருக்கு ஒதுக்குவர்?

1944-45இற் பர்மாவிலும் பிலிப்பைன்சிலும் யப்பானியப் படையணிகள் பகலில் வெளிப்பட அஞ்சின. அவற்றின் லொறிகள் பகலெல்லாம் மரங்களின் கீழ் மறைந்திருந்து, இருளிலேயே நகர்ந்தன.